கரட்டு மண்

சுவர் வைக்க வந்த ஆண்டி, குழைத்த மண்ணிலிருந்து காலை எடுத்துவிட்டான்.

காலையிலிருந்து மிதித்த மண். மாட்டுக் கட்டுத்தாரைக்கு முன்னால் வட்டமாகக் கிடந்து களிப் பதத்துக்கு வந்துகொண்டிருந்தது. அவன் ஓரத்துக்கு நடந்துபோய்க் குடத்தைச் சாய்த்து முழங்காலுக்குக் கீழே கழுவினான். விரலிடுக்குகளையும் விடாமல் கழுவினான்.

"வெத்தல போடறயா?" என்றான் சென்னிமலை.

"இல்லீங் சாமி. நான் போறனுங்க."

"மண்ணு பாதியில கெடக்குது?"

"கெடக்கட்டுமுங்க." ஆண்டி தலைத்துண்டை எடுத்து உதறினான். "பெரியூட்டு ஆத்தா இப்பத்தான் சொன்னாங்க. உங்கூட்டு ஆத்தா முழுகாம இருக்கறாங்களாமா. அஞ்சு மாசமாமா. ஏனுங் சாமி, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லப்படாதுங்களா?"

சென்னிமலை மண்வெட்டிக் காம்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஆண்டி அதற்கு மேல் கேட்கவில்லை. அன்றைய கூலியும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வரப்பேறிப் போய்விட்டான்.

பிள்ளை வயிற்றில் இருக்கும் வீட்டுக்கு யாரும் சுவர் வைக்க மாட்டார்கள். மண்ணைத் தோண்டக் கூடாது, கூரை ஏற்றக் கூடாது, வாசற்கால் நிறுத்தக் கூடாது. ஏதாவது ஆகிவிட்டால் கூலிக்கு வந்தவன் மேலும் பழி வரும். ஆண்டியை விட்டால் வேறு ஆளும் கிடையாது. சுவர் வைக்கத் தெரிந்தவர்கள் எல்லாரும் மேட்டூரில் அணை வேலைக்குப் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

சித்திரையில்தான் அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்துக்கொண்டார்கள். அண்ணன் சுப்பையனுக்குப் பெரிய வீடு. தம்பி சென்னிமலைக்கு வீட்டுக்குப் பின்னால் இருந்த கட்டுத்தாரை. மாடு கட்டுகிற இடம் என்பதால் அதற்கு மூன்று பக்கம்தான் கல் சுவர். கிழக்குப் பக்கம் திறந்து கிடந்தது. மேலே பனையோலைக் கூரை. வீடு இல்லாமல் போன குறைக்கு, பாகத்திலேயே நல்ல நிலமான வடக்குக் காட்டைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்தார்கள். அதில் யாருக்கும் மனக்குறை இல்லை. மாடுகளைப் புளியமரத்தடிக்கு மாற்றிக் கட்டிவிட்டு, சென்னிமலையும் அவன் மனைவி பொன்னாத்தாளும் கட்டுத்தாரையைக் கூட்டி மெழுகிக் குடிவந்தார்கள். கிழக்கே ஒரு சுவர் வைத்துவிட்டால் அது வீடு. பன்னிரண்டு முழ நீளம், நாலரை முழ உயரம்.

வைக்கோல்போருக்குப் பின்னால் நின்று பொன்னாத்தாள் எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். இப்போது வெளியே வந்து, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நேராக மண்ணுக்குள் இறங்கினாள்.

"ஏய், நீ எங்க எறங்கற?"

"காஞ்சு போயிருமுங்க."

"ஆண்டி சொன்னது காதுல உளுந்துச்சா இல்லியா?"

"உளுந்துச்சு. கூலிக்கு வாரவங்களுக்குத்தானுங்க அந்தப் பயம். நம்ம ஊட்டுக்கு நாம மிதிச்சா ஆரு கேக்கறது?"

"சாமி கேக்கும்."

"கேட்டா நாஞ் சொல்லிக்கறேன்."

சென்னிமலை தலையைச் சொறிந்தான். "எனக்குச் செவுரு வெக்கத் தெரியாது புள்ள."

"எனக்கு மட்டும் தெரியுமாக்கும். எறங்குங்க."

பெரிய வீட்டின் உள்ளறையில் அவள் இரண்டு முறை பிள்ளை பெற்றிருந்தாள். முதல் குழந்தை ஒன்பதாம் நாள் போயிற்று. இரண்டாவது அழவே இல்லை. இரண்டு தடவையும் அவள் கண்ணுக்கு நேரே இருந்தது சுவரில் குடைந்த மாடக்குழி. அதில் விளக்கு எரிந்தது. அதற்கு மேலே சுவரெல்லாம் கரி. கண்ணை மூடினால் அந்தக் கரிதான் வந்தது. அவளுக்குத் தாய் இல்லை. ஓமலூரில் அப்பாவும் சின்னம்மாவும் இருந்தார்கள்; முன்னிரண்டு பேற்றுக்கும் வந்து அழைக்காதவர்கள். இந்தப் பிள்ளையை அந்த அறையில் பெறுவதில்லை என்று முடிவு செய்திருந்தாள். அதனால்தான், சுவர் எழும்பும் வரை யாரும் தடுக்காதிருக்க, ஐந்து மாதம் வயிற்றை மறைத்தாள்.

ஆண்டி கொண்டுவந்திருந்த மண் ஓர் அடுக்குக்குக் காணும். முக்கால் முழ உயரம். ஈர மண்ணை உருட்டி உருட்டி வைத்து, கையால் அறைந்து, மறுநாள் பக்கங்களை மண்வெட்டியால் செதுக்கினார்கள். அப்படித்தான் ஆண்டி செய்வான் என்று ஞாபகம். ஓரிடத்தில் தடித்து, ஓரிடத்தில் மெலிந்திருந்தாலும் பார்ப்பதற்குச் சுவர் மாதிரி இருந்தது.

ஒரு பக்கம் மட்டும் ஆள் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டார்கள். அதில் வாசற்கால் நிறுத்த வேண்டாம் என்றான் சென்னிமலை. "அந்த ஒண்ணயாச்சும் சாமிக்கு உட்டுக் குடுப்போம்." பொன்னாத்தாள் ஒப்புக்கொண்டாள். ஓலைப் படல் வைத்து மறைத்துக்கொள்ளலாம்.

மறு அடுக்குக்கு மண் வேண்டும். ஆண்டி மேற்கே பாறைக் குன்றின் அடிவாரமான கரட்டடியிலிருந்து எடுத்துவந்திருந்தான். சிவப்பு மண், கையில் நெருநெருவென்று இருக்கும். சென்னிமலைக்கு அது பிடிக்கவில்லை.

"அந்த மண்ணுல கத்தாழகூடச் சொணங்கித்தான் வருது. அதுல போயிச் செவுரா? எம்புள்ள பொறக்கற எடத்துக்கு எங்காட்டு மண்ணு கொண்டாரேன் பாரு."

வடக்குக் காட்டின் கறுத்த மண்ணை அவன் வெட்டிக் கொண்டுவந்தான். போன கோடையில் இரண்டு மாதம் ஆட்டுப்பட்டி போட்ட இடம். வண்டியிலிருந்து சரித்தபோது புழுக்கையும் வேரும் மக்கிய சருகுமாக வாசம் வந்தது. மசக்கையில் பொன்னாத்தாளுக்கு வாய் ஊறியது. ஒரு கட்டியை எடுத்து முகர்ந்தாள்.

"திங்காத," என்றான்.

"திங்கல. மோந்து பாத்தேன்."

"எப்புடி?"

"நல்லாத்தானுங்க இருக்குது."

"கல்ல நட்டாலும் மொளைக்கும் இந்த மண்ணுல."

ஆடி பிறந்தால் சுவரில் கை வைக்கக் கூடாது. ஆனியில் மீதி இருந்தது பத்து நாள். காலையில் ஓர் அடுக்கு, மறுநாள் மத்தியானம் அதன் மேல் இன்னொன்று என்று ஏற்றினார்கள். வெண்ணெய் மாதிரிக் குழைந்தது. கையில் ஒட்டியது, காலில் ஒட்டியது. சொன்ன இடத்தில் நின்றது. ஆனி கடைசியன்று கடைசி அடுக்கு கூரையைத் தொட்டது. சுவர் கறுப்பாகப் பளபளவென்று இருந்தது. சென்னிமலை எதிரே குந்தியிருந்து கம்மஞ்சோற்றைக் கரைத்துக் குடித்தான். ஒரு வாய்க்கு ஒரு தடவை நிமிர்ந்து சுவரைப் பார்த்தான்.

ஆடி முதல் வாரம் தூறல் போட்டது. நாலாம் நாள் சுவர் முளைத்தது.

முதலில் பச்சையாக ஒரு பூச்சு. பிறகு கீரை, ராகி, பேர் தெரியாத கொடி எல்லாம் சுவரிலிருந்து பக்கவாட்டில் நீண்டு, மேலே வளைந்தன. பொன்னாத்தாளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. மடி நிறையக் கீரையைக் கிள்ளிக் குழம்பு வைத்தாள்.

அந்த மணம் பெரிய வீடு வரைக்கும் போயிருக்க வேண்டும். அண்ணன் மனைவி வள்ளியாத்தாள் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள். சுவர் தொடங்கியதிலிருந்து அவள் வேலியைத் தாண்டி வரவில்லை.

"அம்முணி, எங்க பறிச்ச கீர?"

"செவுத்துலதானுங்க்கா."

"நல்லதாப் போச்சு. தோட்டத்துல செவுத்த வெச்சு, செவுத்துல தோட்டத்த வெச்சுட்டான் எங்கொழுந்தன். அவரயும் ரெண்டு ஊனி உடச் சொல்லு."

ஆனால் ஆடிக்காற்று தொடங்கியதும் முளைத்ததெல்லாம் இரண்டே நாளில் கருகியது. சுவர் கறுப்பிலிருந்து சாம்பல் நிறத்துக்கு வந்தது. பிறகு வெடித்தது. முதலில் மயிர் மாதிரிக் கோடுகள். காலையில் விரல் நுழைந்த இடத்தில் சாயங்காலம் கை நுழைந்தது. இரவெல்லாம் சுவரிலிருந்து பொல பொலவென்று சத்தம் வந்துகொண்டிருந்தது. பொன்னாத்தாள் படுத்தால் எழுந்தாள், எழுந்தால் நடந்தாள். சென்னிமலை சாணியைக் கரைத்து வெடிப்பை அடைத்தான். சாணியோடு சேர்ந்து வெடித்தது.

ஆவணி பிறந்த மூன்றாம் நாள் மத்தியானம் நடுச்சுவரிலிருந்து ஓர் உரல் அளவு மண் பெயர்ந்து விழுந்தது. பொன்னாத்தாள் முறத்தில் கம்பு புடைத்துக்கொண்டிருந்த இடத்துக்கு இரண்டு முழம் தள்ளி.

சத்தம் கேட்டு வள்ளியாத்தாள் வேலியைத் தாண்டி ஓடிவந்தாள். பொன்னாத்தாளின் தலை, தோள், வயிறு எல்லாம் தடவிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் கத்தினாள்.

"அறிவு இருக்குதாடி உனக்கு? ஆண்டி அவன் பாட்டுக்கு மண்ணக் கழுவீட்டுப் போனானே, அப்பவாச்சும் நின்னியா?"

"அவனப் போகச் சொன்னதே நீங்கதானுங்க்கா."

"ஆமா, நாந்தான். இன்னொருக்கா வந்தாலும் சொல்லுவேன்."

"ஏனுங்க்கா, என்ற ஊட்டு மேல உங்களுக்கு என்ன அப்புடி?"

வள்ளியாத்தாள் கீழே சிந்திய கம்பை அள்ளி முறத்தில் போட்டாள். மறுபடி அள்ளினாள். தலை நிமிரவில்லை.

"போன தடவ நீ ஏழு மாசம். மெளகாச் செடி வாடுதுன்னு கெணறு வெட்டுனம். அவுரு வேண்டான்னுதான் சொன்னாரு. நாந்தான் கேக்கல. மொத மம்பட்டி மண்ணு நாந்தான் அள்ளுனேன். இந்தக் கையிலதான். அப்பறம் அந்தப் புள்ளய வாங்குனதும் இந்தக் கையிலதான். பச்சத் தண்ணியாட்ட இருந்துச்சு."

பொன்னாத்தாள் இதை இதுவரை கேட்டதில்லை. வள்ளியாத்தாளின் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "மொதப் புள்ளைக்கு எந்தக் கெணறு வெட்டுனம்?"

வள்ளியாத்தாள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"அது ஏன் போச்சு?"

"எனக்குத் தெரியாது அம்முணி."

"எனக்குந் தெரியாதுங்க்கா. அதுதான் அந்த அற வேண்டாங்கறேன்."

இருவரும் விழுந்த மண்ணைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அதில் கருகிய கீரைத் தண்டு ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது.

"சரி, கேட்டுக்க," என்றாள் வள்ளியாத்தாள் எழுந்து. "ஐப்பசி மழ எறங்கறப்ப இந்தச் செவுரு நிக்கலைன்னா நீ உள்ளூட்டுக்கு வந்தரோணும். கேக்க மாட்ட, தெரியும். தூக்கீட்டுப் போயிருவேன். மாட்டுக் கொட்டாயில மழத்தண்ணியில புள்ள பெக்கறத நான் பாத்துட்டு நிக்க மாட்டேன்."

"நின்னுட்டா?"

"நின்னா இங்கயே பெத்துக்க. ஆனா நீ பெத்து முடிக்கற வரைக்கும் இந்தச் செவுத்துல நான் ஒரு விரலு வெக்க மாட்டேன். ஒரு செம்பு தண்ணி மொண்டு ஊத்த மாட்டேன். எங்கிட்டக் கேக்காத."

"கேக்கலீங்க்கா."

சாயங்காலம் சென்னிமலை தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தான். "எங்காட்டு மண்ணு புள்ள. பொன்னாட்ட மண்ணு. அது எப்புடி வெடிக்கும்? கை ராசிதான். நமக்கு ராசியில்ல. அடியில பாரு, ஆண்டி மிதிச்சது. ஒரு கீறல் இல்ல."

பொன்னாத்தாள் கீழடுக்கைப் பார்த்தாள். சிவப்பாக, முழுசாக இருந்தது. நகத்தால் சுரண்டினால் நகம்தான் தேய்ந்தது.

"ஆண்டி பாதிதானுங்க மிதிச்சான்."

"அதுக்கு?"

"மீதிய நாந்தான் மிதிச்சேன். எம்பட பாதியும் வெடிக்கலியே."

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"அப்ப ராசி இல்லீங்க. மண்ணுதான்."

"நல்ல மண்ணு வெடிச்சு, சப்ப மண்ணு நிக்குமா?"

அவனால் அதை ஏற்றுக்கொள்ள முடியவில்லை. மண்ணைப் பற்றி அவனுக்கு ஒருவர் சொல்லித்தர வேண்டியதில்லை; அதில் எது விளையும், எது விளையாது என்று வாயில் போட்டே சொல்லிவிடுவான். பொன்னாத்தாள் வாதாடவில்லை. மறுநாள் காலை இரண்டு மண்ணையும் தனித்தனியாகப் பிசைந்தாள்.

களி உருண்டை அளவில் உருட்டினாள். கறுப்பு மட்டும் ஓர் உருண்டை. சிவப்பு மட்டும் ஒன்று. இரண்டும் பாதிப் பாதி ஒன்று. சிவப்பு மூன்று கை, கறுப்பு ஒரு கை போட்டது ஒன்று. அதிலேயே வைக்கோலை வெட்டிப் போட்டது ஒன்று. எது எது என்று மறக்காமல் இருக்க, ஒன்று இரண்டு என்று ஈர்க்குச்சி செருகினாள். துவைக்கும் கல்லின் மேல் வெயிலில் வரிசையாக வைத்தாள்.

வள்ளியாத்தாள் வேலியோரத்திலிருந்து அதைப் பார்த்துவிட்டாள்.

"அடியே, மண்ண உருட்டி உருட்டித் திங்கறயா? வவுத்துல பூச்சி வெக்கும்டி! சாம்பலு திங்கறவளப் பாத்திருக்கறேன், இப்புடி வட்டல்ல வெக்கறாப்புல வெச்சுத் திங்கறவள இன்னிக்குத்தான் பாக்கறேன்."

"திங்கறதுக்கு இல்லீங்க்கா."

"பின்ன ஆருக்கு, மாமனுக்கா?"

வெயிலில் மூன்று நாள். அந்த மூன்று நாளும் பொன்னாத்தாள் ஓரிடத்தில் உட்காரவில்லை. தண்ணீர் சேந்தினால் பாதியில் விட்டுக் கல்லிடம் வந்தாள். களி கிண்டினால் துடுப்போடு வந்தாள். நாலாம் நாள் கறுப்பு உருண்டை எலுமிச்சங்காய் அளவுக்குச் சுருங்கி நாலாக வெடித்திருந்தது. பாதிப் பாதியில் இரண்டு கீறல். சிவப்பு மட்டும் போட்டது வெடிக்கவில்லை, ஆனால் காலில் மிதிபடாததால், விரலால் அழுத்தினால் ஓரம் உதிர்ந்தது. வைக்கோல் போட்ட கடைசி உருண்டையை எடுத்து அவள் கல்லில் ஓங்கிப் போட்டாள். துள்ளி விழுந்து முழுசாகக் கிடந்தது.

பிறகு எல்லாவற்றையும் ஒரு சட்டித் தண்ணீரில் இறக்கினாள். கறுப்பு உடனே கரைந்து குழம்பாயிற்று. சென்னிமலை ஏர் ஓட்டிவிட்டு வந்து பார்த்தபோது கடைசி உருண்டை சட்டியின் அடியில் அப்படியே இருந்தது. அவன் அதை எடுத்துத் துடைத்து, கையில் உருட்டி உருட்டிப் பார்த்தான். சாப்பிடும்போதும் பக்கத்தில் வைத்திருந்தான்.

"வெளையாத மண்ணு," என்றான் கடைசியில்.

"ஊட்டுல வெளையக் கூடாதுங்க."

மறுநாள் அவன் கடப்பாறையை எடுத்தான். ஆண்டியின் அடுக்கை விட்டுவிட்டு மேலே இருந்ததையெல்லாம் இடித்தான். இடிக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். இடித்த மண்ணை வண்டியில் ஏற்றி வடக்குக் காட்டுக்கே கொண்டுபோய்க் கொட்டினான். கொட்டிவிட்டுக் கையால் பரப்பிவிட்டான்.

ஆவணி முழுக்கக் கரட்டு மண். காலையில் கிணற்றில் கவலை ஓட்டி நீர் இறைத்து மிளகாய்க்கு விட்ட எருதுகளையே மத்தியானம் வண்டியில் பூட்டினான். கரட்டடியில் ஆவாரஞ்செடியும் கத்தாழையும்தான். கடப்பாறை போட்டால் நெருப்பு பறந்தது. ஒரு நாளைக்கு ஒரு வண்டிதான் முடிந்தது. பொன்னாத்தாள் மண்ணைக் கூட்டி, கல்லைப் பொறுக்கி, கையளவு கணக்கில் கறுப்பு மண்ணைக் கலந்து, தண்ணீர் விட்டு ஊறப்போட்டாள். ஏழு மாதம் தாண்டிய வயிற்றோடு மிதிக்க முடியவில்லை. எருதுகளை விட்டு மிதிக்கவைத்தான் சென்னிமலை. அவள் வைக்கோலை வெட்டி எருதுகளின் காலடியில் தூவிக்கொண்டே சுற்றினாள்.

புரட்டாசி பன்னிரண்டாம் நாள் இரண்டாம் அடுக்கு. மூன்று நாள் காயவிட வேண்டும் என்றாள். மூன்றாம் நாள் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பாள். பள்ளம் விழுந்தால் இன்னும் ஒரு நாள். தெற்கே மேகம் கட்டிக்கொண்டிருந்தது. சென்னிமலைக்குக் கை அரித்தது.

"எல்லா அடுக்குக்கும் மூணு நாளுன்னா ஐப்பசிக்குள்ள ஆகாது புள்ள."

"ஆகற வரைக்கும் ஆகட்டுமுங்க."

"மழ வந்துட்டா?"

"அவசரப்பட்டா அது மழ வாரதுக்கு முன்னாலயே உளுந்துரும்."

ஒரு நாள் மத்தியானம் அவள் அசந்து தூங்கியபோது அவன் மூன்றாம் அடுக்கின் மேலேயே நாலாவதையும் ஏற்றிவிட்டான். அவள் எழுந்து வந்து பார்த்தபோது கீழே இருந்த அடுக்கு பலாப்பழம் மாதிரிப் பிதுங்கிக்கொண்டிருந்தது. படலின் பக்கத்தில் போய் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். அவனே மண்வெட்டியை எடுத்து இரண்டையும் வெட்டித் தள்ளினான்.

"ஆறு நாளு போச்சு," என்றான்.

"ஆமாங்க."

"ரெண்டு அடி அடிச்சிரு. இப்புடி நிக்காத."

"கையெல்லாம் மண்ணா இருக்குதுங்க. கழுவீட்டு வந்து அடிக்கறேன்."

அவன் சிரித்தான். அவளும் பிறகு சிரித்தாள். ஆனால் அன்றிலிருந்து இருவரும் மாறி மாறி மேகத்தைப் பார்த்தார்கள். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வள்ளியாத்தாளும் பார்த்தாள். முதலில் வானத்தை, பிறகு வயிற்றை, பிறகு சுவரை. தினமும் ஒரு கிண்ணம் எள்ளுருண்டையோ வறுத்த அவரையோ வேலி மேல் வைத்துவிட்டுப் போனாள். சுவர் இருக்கும் பக்கம் கையை நீட்டவில்லை.

ஐப்பசி நாலாம் தேதி காலை கடைசி அடுக்கு கூரைக்குக் கீழே போய்ச் சேர்ந்தது. அன்று மத்தியானம் பொன்னாத்தாளுக்கு இடுப்பு வலி எடுத்தது. பொழுது சாய நேரம் இருக்கும்போதே வானம் இருண்டு, பெரிய பெரிய துளியாக விழத் தொடங்கியது.

சுப்பையன் மருத்துவச்சி சின்னாயியைக் கூட்டிவர வண்டி பூட்டிக்கொண்டு போனான். சென்னிமலை சுவரின் வெளிப்புறத்தில் ஓலைத் தட்டிகளைச் சாய்த்துக் கட்டினான். காற்று ஒரு பக்கம் பிடுங்கியது. மறு பக்கம் ஓடினான். நனைந்த கடைசி அடுக்கு அவன் தலைக்கு மேலே ஈரமாக மின்னியது. உள்ளேயிருந்து மனைவியின் குரல் கேட்கும்போதெல்லாம் அவன் கை கயிற்றில் நின்றது.

வள்ளியாத்தாள் முந்தானைக்குள் விளக்கை மறைத்துக்கொண்டு வந்தாள். படலுக்கு முன்னால் நின்று சுவரை மேலிருந்து கீழாகப் பார்த்தாள்.

"தூக்கீட்டுப் போக வந்தீங்களா நங்கையா?" என்றான் சென்னிமலை. அண்ணன் மனைவியை அவன் அப்படித்தான் அழைப்பான்.

"செவுரு நிக்குதில்ல? பின்ன எதுக்குத் தூக்கறது? நகரு."

உடம்பைச் சுருக்கிக்கொண்டு, எதிலும் படாமல் அந்த இடைவெளியில் நுழைந்தாள். சின்னாயியும் நனைந்துகொண்டு வந்து சேர்ந்தாள்.

"வெளக்க வெச்சுட்டு வாங்க ஆத்தா. இவுங்களச் சித்தப் புடிக்கோணும்."

வள்ளியாத்தாள் விளக்கோடு சுற்றிலும் திரும்பினாள். மூன்று பக்கம் மாட்டுக் கொட்டகையின் கல் சுவர். கிழக்கே புதுச் சுவர். தரையில் வைத்தால் படல் வழியாக வந்த காற்று சுடரைப் படுக்கவைத்தது.

"ஏண்டி, மாடக்குழி எங்க?"

பொன்னாத்தாள் பல்லைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். "உடலீங்க்கா."

"என்னது?"

"மறந்துட்டமுங்க."

"மண்ண உருட்டி வெயில்ல வெச்சு, தண்ணியில போட்டு, தல கீழ நின்னு செவுரு கட்டுனீங்களே, வெளக்கு வெக்க ஒரு குழி உடத் தெரியலியாடி? புருசனும் பொண்டாட்டியும் இருட்டுலயே குடித்தனம் பண்றதா ரோசனையா?"

சின்னாயி வாய்விட்டுச் சிரித்தாள். பொன்னாத்தாளுக்கும் சிரிப்பு வந்தது. பாதியில் வலி வந்து அதை அடக்கியது.

வள்ளியாத்தாள் விளக்கைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள். வலது கையை உயர்த்தி, இடது கையைச் சுடருக்கு மறைப்பாக வைத்தாள். கை சோர்ந்தபோது மாற்றிக்கொண்டாள். ஆமணக்கெண்ணெய் வழிந்து முழங்கை வரை வந்தது. முதுகுக்கு நாலு விரல் தள்ளிப் புதுச் சுவர் இருந்தது. அதில் சாயவில்லை. வெளியே மழை இறங்கிக்கொண்டிருந்தது. கூரை இரண்டு இடத்தில் ஒழுகியது. சின்னாயி சட்டிகளை நகர்த்தி வைத்தாள்.

குழந்தை வந்த பிறகு கொஞ்ச நேரம் மழைச் சத்தம் மட்டும் கேட்டது. விளக்கு ஆடியது. சின்னாயி குழந்தையைத் தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டினாள். மறுபடி தட்டினாள். பிறகு அது அழுதது. கோபமாக, விடாமல் அழுதது.

"பொட்டப் புள்ள," என்றாள் சின்னாயி.

"செவுரு?" என்றாள் பொன்னாத்தாள்.

"மொதல்ல புள்ளயப் பாருடி."

"பாக்கறேன். செவுரு நிக்குதுங்களா?"

"ரெண்டயும் பத்திப் பேசாத. ஒம்போது நாளு போவட்டும்." வள்ளியாத்தாள் சின்னாயியைத் திரும்பிப் பார்த்தாள். "கொடி அறுத்தாச்சா?"

"ஆச்சுங்க ஆத்தா."

"தண்ணி ஊத்திக் கழுவியாச்சா?"

"ஆச்சுங்க."

"அப்ப இந்த ஊட்டுல இனி மாசமா ஆரும் இல்ல?"

"எங்கிட்டக் கேட்டா? இல்லீங்க."

"இந்தா, இதச் சித்தப் புடி." விளக்கைச் சின்னாயியின் கையில் கொடுத்தாள். "அருவா எங்க இருக்குது?"

"அதான் கொடி அறுத்தாச்சுங்களே ஆத்தா."

"கொடிக்கு இல்ல."

கூரையில் செருகியிருந்த அரிவாளை இழுத்து எடுத்தாள். கிழக்குச் சுவருக்கு முன்னால் போய் நின்று, நெஞ்சு உயரத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். அந்த அடுக்கு வைத்து எட்டு நாள் ஆகியிருந்தது. விரல் லேசாகப் பதிந்தது.

"இன்னம் நாலு நாளு போனாக் கல்லாட்ட ஆயிரும். அப்பறம் ஆரு வந்து ஒடைக்கறது?" என்று சொல்லிக்கொண்டே அரிவாள் மூக்கால் கீறினாள்.

சிவப்பு மண் வைக்கோல் துணுக்கோடு அவள் காலடியில் உதிர்ந்தது. வெளியே தட்டியைப் பிடித்துக்கொண்டிருந்த சென்னிமலை சுவருக்குள் சுரண்டும் சத்தத்தைக் கேட்டான். இரண்டு உள்ளங்கையையும் சுவரில் ஊன்றி, முழுப் பலத்தோடு தள்ளிக்கொண்டு நின்றான்.

"நங்கையா! புள்ளயத் தூக்கீட்டு வெளிய வாங்க! செவுரு போகுது!"

"எங்கயும் போகல," என்று உள்ளிருந்து குரல் வந்தது. "நாந்தான் கீறறேன். கைய எடு, அந்தப் பக்கம் தள்ளாத."

அவன் கையை எடுக்கவில்லை. சுரண்டுவது அவன் உள்ளங்கையில் மெதுவாக அதிர்ந்தது.

ஒரு சாண் அகலத்தில், அரைச் சாண் ஆழத்தில் குழி ஆயிற்று. வள்ளியாத்தாள் அடியைக் கையால் தட்டிச் சமன் செய்தாள். விளக்கை வாங்கி உள்ளே வைத்தாள். சுடர் ஒரு தரம் துடித்துவிட்டு நேராக நின்றது. மேலே மண் சிவப்பாக, கரி இல்லாமல் தெரிந்தது. பொன்னாத்தாள் படுத்தபடியே அதைப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் திரும்பிக் குழந்தையின் மூக்கருகே விரலை வைத்து, மூச்சு வருகிறதா என்று பார்த்தாள். வந்தது. விரலை எடுக்கவில்லை.

வள்ளியாத்தாள் வலது கையை மடக்கப் பார்த்தாள். அத்தனை நேரம் விளக்கைத் தூக்கி, பிறகு சுவரையும் கீறிய கை இப்போது மடங்கவில்லை. இடது கையால் அதைப் பிடித்துக்கொண்டு, சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள்.